ரென்யூவல் படிவமும் 2015 சட்டமும்: "இப்போதெல்லாம் பயமில்லை" என்கிறார் புரோக்கர், நம்பலாமா?

கிடங்குக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஒரு கிடங்கு நடத்துகிறேன். எங்கள் சரக்கு பாதி, வாடகைக்கு வைக்கும் மற்றவர்கள் சரக்கு பாதி. அடுத்த மாதம் இன்சூரன்ஸ் ரென்யூவல்.

என் மச்சானும் இதில் ஒரு இயக்குநர். அவர் சில வருடங்களுக்கு முன் வேறு ஒரு கம்பெனியில் இயக்குநராக இருந்தார், அது லிக்விடேஷனுக்கு (சொத்துகளை விற்றுக் கம்பெனியை மூடும் நிலைக்கு) போய்விட்டது. எங்களுக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புரோக்கரிடம் இதைச் சொன்னபோது, "படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை, விடுங்கள். 2015 இன்சூரன்ஸ் சட்டம் வந்த பிறகு ஏதாவது விட்டுப்போனாலும் முழு கிளெய்மையும் தள்ள மாட்டார்கள், கொஞ்சம்தான் குறைப்பார்கள்" என்றார்.

உண்மையா? அந்தச் சட்டம் யாருக்கு என்ன செய்தது என்று புரியும்படி யாராவது சொன்னால் நன்றி. இணையத்தில் தேடினால் வக்கீல் நிறுவனங்களின் விளம்பரக் கட்டுரைகள்தான் வருகின்றன.

தேம்ஸ்கரை

நானும் புரோக்கிங் பக்கம் இருப்பவன்தான், அதனால் சொல்கிறேன்: உங்கள் புரோக்கர் சொன்னதில் பாதி சரி. ஆபத்து மற்றப் பாதியில் இருக்கிறது.

பழைய நிலைமையிலிருந்து வருகிறேன், இல்லாவிட்டால் மாற்றம் எவ்வளவு பெரியது என்று தெரியாது. 1906ஆம் ஆண்டின் கடல் இன்சூரன்ஸ் சட்டம் பெயரில்தான் கடல். நீதிமன்றங்கள் அதன் அடிப்படை விதிகளை எல்லா இன்சூரன்ஸுக்கும் பொருத்தின. விதி இதுதான்: வாங்குபவர் தனக்குத் தெரிந்த முக்கியமான விஷயம் ஒவ்வொன்றையும் தானாகவே சொல்ல வேண்டும், கேட்டாலும் கேட்காவிட்டாலும். ஒன்று விட்டுப்போனால், அது வேண்டுமென்று மறைத்ததா மறந்துபோனதா என்ற பேச்சே இல்லை. அதனால் தன் முடிவு மாறியது என்று கம்பெனி காட்டினால் போதும், பாலிசி ஆரம்பத்திலிருந்தே இல்லாததாகிவிடும். ஒரு பென்ஸ் கூட வராது.

இங்கிலாந்துச் சட்ட ஆணையமும் ஸ்காட்லாந்துச் சட்ட ஆணையமும் சேர்ந்து 2006இல் மறுஆய்வைத் தொடங்கின. முதலில் தனிமனிதர்களுக்கான 2012 சட்டம் வந்தது, அது 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அப்புறம் வணிகங்களையும் சேர்த்த 2015 சட்டம். 12 பிப்ரவரி 2015இல் அரச ஒப்புதல், 12 ஆகஸ்ட் 2016 முதல் அமல். நடுவில் பதினெட்டு மாதம் விட்டது சந்தை தன் படிவங்களை மாற்றிக்கொள்ளத்தான். எத்தனை பேர் உருப்படியாக மாற்றினார்கள் என்பது வேறு கதை.

இப்போது வணிக வாடிக்கையாளரின் கடமை "நியாயமான முன்வைப்பு". தெரிந்த, தெரிந்திருக்க வேண்டிய முக்கிய விஷயங்களைச் சொல்ல வேண்டும். அல்லது, "இதை மேலும் விசாரிக்க வேண்டும்" என்று ஒரு விவேகமான இன்சூரருக்கு உறைக்கும் அளவுக்காவது தகவல் கொடுக்க வேண்டும். அதையும் தெளிவாக, எளிதில் எடுக்கக்கூடிய வடிவில். ஐநூறு பக்கக் கோப்பைத் தலையில் கொட்டிவிட்டு "எல்லாம் உள்ளே இருக்கிறது" என்று சொல்வது செல்லாது.

கவனியுங்கள்: தானாகச் சொல்லும் கடமை வணிகங்களுக்கு இன்னும் இருக்கிறது. அதைத்தான் உங்கள் புரோக்கர் விட்டுவிட்டார்.

புதியவள்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வீட்டு இன்சூரன்ஸுக்கும் காருக்கும் இதே விதியா?

தேம்ஸ்கரை

இல்லை அக்கா. தனிமனிதருக்கு 2012 சட்டம். நீங்களாகச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. கேட்ட கேள்விக்கு அக்கறையோடு, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். கேள்வி குழப்பமாக இருந்தால் அது உங்களுக்குச் சாதகமாகவே எடைபோடப்படும். ரென்யூவலில் "மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்" என்று பழைய பதில்களை அனுப்புவார்கள். அதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள், பேசாமல் இருந்ததே தவறான பதிலாகக் கணக்கில் வரலாம்.

வழக்குமன்றவாசி

தேம்ஸ்கரை சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். கிடங்குக்காரன் அண்ணாவின் கேள்விக்கு நேராகப் பொருந்தும் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. விஷயம் ஏறக்குறைய ஒன்று, முடிவோ நேரெதிர்.

முதலாவது ஸ்காட்லாந்தில் 2020இல் மேல்முறையீட்டில் முடிந்த யங் வழக்கு. கட்டடம் தீப்பிடித்தது. கட்டட உரிமையாளர் முன்பு இயக்குநராக இருந்த வேறு சில கம்பெனிகள் திவாலாகி லிக்விடேஷனுக்குப் போயிருந்தன, அதை அவர் சொல்லவில்லை. புரோக்கரின் மென்பொருள் தயாரித்த ஆவணத்தில் அந்த இடத்தில் "ஏதுமில்லை" என்று இருந்தது. வாடிக்கையாளர் தரப்பு வாதம்: இன்சூரர் பதில் மின்னஞ்சலில் "இன்சூர் செய்தவர் திவாலானதில்லை" என்ற அளவில்தான் நிபந்தனை வைத்தார், எனவே மற்றதைத் தெரிந்துகொள்ளும் உரிமையைக் கைவிட்டுவிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. கேள்வியைக் கேட்டது இன்சூரர் அல்ல, புரோக்கரின் படிவம். இன்சூரர் எதையும் கைவிடவில்லை. வாடிக்கையாளர் தோற்றார்.

இரண்டாவது 2021இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் வந்த ரிஸ்டோரான்டே வழக்கு. ஒரு உணவகம், அதுவும் தீ விபத்து, அதுவும் இயக்குநர்கள் தொடர்புகொண்டிருந்த வேறு கம்பெனிகளின் லிக்விடேஷன். ஆனால் இங்கே இன்சூரரே கேள்வி வைத்திருந்தார்: உரிமையாளரோ இயக்குநரோ இந்தத் தொழிலில் உள்ள குடும்பத்தவரோ திவால் நடவடிக்கைக்கு ஆளானதுண்டா என்று. கேள்வி அந்த ஆட்களைப் பற்றியது, அவர்கள் முன்பு நடத்திய கம்பெனிகளைப் பற்றியது அல்ல என்று நீதிபதி வாசித்தார். அப்படிக் குறுகலாகக் கேட்டதால் மற்றதைக் கேட்கும் உரிமையை இன்சூரர் விட்டுக்கொடுத்தார். வாடிக்கையாளர் வென்றார்.

ஆக, "படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை" என்று உங்கள் புரோக்கர் சொன்னதும் நான் கேட்கும் முதல் கேள்வி: படிவம் யாருடையது? புரோக்கருடையதா, இன்சூரருடையதா? அதற்கான பதிலை வைத்து நீங்கள் யங்கா ரிஸ்டோரான்டேவா என்று தெரியும். என்னைக் கேட்டால் இரண்டுமாக இருக்க வேண்டாம். ஒரு பத்தி எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்தது.

கிடங்குக்காரன்

படிவம் புரோக்கருடையது. மேலே அவர்களுடைய லோகோ. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

அப்படியே சொல்லாமல் விட்டுவிட்டால் "கொஞ்சம்தான் குறைப்பார்கள்" என்றாரே, அது?

அண்டர்ரைட்டர்_அக்கா

அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் குறைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான்: இன்சூரன்ஸ் கொடுக்கலாமா, என்ன விலைக்கு என்று முடிவெடுக்கும் அண்டர்ரைட்டர். (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.)

சட்டத்தின் முதல் அட்டவணையில் படிநிலை இருக்கிறது. வேண்டுமென்றோ, உண்மை பொய் பற்றிக் கவலையே இல்லாமலோ மறைத்தால்: பாலிசி ரத்து, கட்டிய பிரீமியமும் திரும்ப வராது. அப்படி மறைத்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு எங்களுடையது. அதில்லாமல் கவனக்குறைவோ, அறியாமையோ என்றால், "சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?" என்ற கேள்வி எங்களிடம் வரும்.

பாலிசியே எழுதியிருக்க மாட்டோம் என்று காட்டினால், அப்போதும் முழு ரத்துதான். பிரீமியம் மட்டும் திரும்பும். வேறு நிபந்தனையோடு எழுதியிருப்போம் என்றால், அந்த நிபந்தனை முதல் நாளிலிருந்தே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். உதாரணத்துக்கு "வெள்ளம் சேராது" என்று எழுதியிருப்போம் என்று காட்டினால், வெள்ளக் கிளெய்ம் பூஜ்யம். கூடுதல் பிரீமியம் மட்டும் கேட்டிருப்போம் என்றால்தான் உங்கள் புரோக்கர் சொன்ன குறைப்பு.

கணக்கு சுலபம். நீங்கள் கட்டியது 8,000 பவுண்டு, நாங்கள் கேட்டிருக்கக்கூடியது 10,000 என்றால் 80 சதவீதம். 3 லட்சம் பவுண்டு நஷ்டத்துக்கு 2.4 லட்சம் வரும். 60,000 உங்கள் கையிலிருந்து. "கொஞ்சம்தான்" என்பது இதைத்தான் என்றால் உங்கள் புரோக்கர் பெரிய மனசுக்காரர்.

திவால் பின்னணி பல கம்பெனிகளில் "எழுத வேண்டாம்" அல்லது "மேலிடத்துக்கு அனுப்பு" பட்டியலில் இருக்கும் விஷயம். அதனால் இதில் ரத்து என்ற வாதம் வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு எழுதிவிடுவோம். சொல்லாமல் விட்டு, தீ விபத்துக்குப் பிறகு கம்பெனிப் பதிவேட்டில் நாங்களே கண்டுபிடித்தால் அதே விஷயம் வேறு முகத்தோடு வரும். மனித இயல்பு, நான் மறுக்கப்போவதில்லை.

தேம்ஸ்கரை

@அண்டர்ரைட்டர்_அக்கா, உங்கள் நேர்மைக்கு நன்றி. ஆனால் "சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம்" என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? தீ எரிந்து முடிந்த பிறகு ஒரு அண்டர்ரைட்டர் வந்து "நான் அப்போது 40 சதவீதம் ஏற்றியிருப்பேன்" என்று சாட்சி சொன்னால் யார் சரிபார்ப்பது?

அண்டர்ரைட்டர்_அக்கா

நியாயமான கேள்வி. இந்தச் சட்டம் எங்கள் அலுவலகத்தில் உண்மையிலேயே எதையாவது மாற்றியிருக்கிறது என்றால் அது இதைத்தான். முன்பு "முக்கியமான விஷயம், சொல்லவில்லை, அதனால் எழுதிவிட்டோம்" என்று காட்டினாலே மொத்தமும் விழும். எவ்வளவு ஏற்றியிருப்போம் என்ற கேள்வியே எழாது. இப்போது ஒவ்வொரு ரிஸ்க்கையும் ஏன் இந்த விலைக்கு எழுதினோம், எதைப் பார்த்தோம், எதைப் பொருட்படுத்தவில்லை என்று அன்றைக்கே குறித்து வைக்க வேண்டும். ரேட்டிங் வழிகாட்டி, அதே காலத்தில் அதே மாதிரி மற்ற வாடிக்கையாளர்களுக்கு என்ன செய்தோம் என்ற பதிவு, இவை இல்லாமல் நீதிமன்றம் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் பிய்த்து எடுத்துவிடுவார். எங்கள் கோப்புகளை அவர்கள் கேட்டு வாங்கவும் முடியும்.

நடைமுறையில் சின்னத் தொகைகளுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. இருவரும் ஒரு சதவீதத்தில் பேசி முடித்துக்கொள்வார்கள். பேரம்தான். பேரத்தில் பலம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று: எங்கள் கணினியில் ஏற்கெனவே இருந்து, முடிவெடுப்பவருக்கு எளிதில் கிடைக்கக்கூடிய தகவலை "எனக்குச் சொல்லவில்லை" என்று நாங்கள் சொல்ல முடியாது. கிளெய்ம்ஸ் பிரிவில் ஒரு கோப்பு, அண்டர்ரைட்டிங்கில் ஒரு கோப்பு, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை என்ற சாக்கு இனி சுலபமாக எடுபடாது.

மழைக்காலம்

நான் டேக்அவே நடத்துகிறேன். சட்டம் நல்லது, ஆனால் பணம் எப்போது வரும் என்று யாரும் பேசவில்லையே. எங்களுக்கு வெள்ளம் வந்து, இன்சூரர் (பெயர் வேண்டாம்) ஒரு வருடத்துக்கும் மேல் இழுத்தடித்தார்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஒரு ஆய்வாளர், முதலிலிருந்து அதே கேள்விகள். கடைசியில் கொடுத்தார்கள். அதற்குள் கடை பாதி செத்துவிட்டது. தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

வழக்குமன்றவாசி

கேட்கலாம், ஆனால் முதலில் தேதியைப் பாருங்கள். ஏன் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னணி.

1990களில் ஸ்ப்ரங் என்றொரு வழக்கு. ஒரு தொழிற்சாலையின் இயந்திரங்களை யாரோ நாசமாக்கிவிட்டார்கள். இன்சூரர் கிளெய்மை மறுத்தார், உரிமையாளரிடம் பழுதுபார்க்கப் பணமில்லை, தொழில் மூழ்கியது. பிற்பாடு கிளெய்ம் சரிதான் என்று தீர்ப்பாகிப் பணம் வந்தது. தொழில் போனதற்கு நஷ்டஈடு? கிடையாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். காரணம் சட்டக் கற்பனையின் உச்சம்: நஷ்டம் வராமல் காப்பதாக இன்சூரர் வாக்குக் கொடுத்திருக்கிறார், அதனால் அவர் தருகிற பணமே நஷ்டஈடுதான், நஷ்டஈட்டைத் தாமதித்ததற்கு இன்னொரு நஷ்டஈடு கிடையாது. நீதிபதிகளே மனமில்லாமல்தான் அதைச் சொன்னார்கள்.

2015 சட்டத்தில் இதைச் சரிசெய்யும் பிரிவு முதலில் இடம்பெறவில்லை. 2016இல் வேறொரு சட்டத்தின் வழியாக 13ஏ பிரிவாக உள்ளே வந்தது. 4 மே 2017 முதல் எழுதப்பட்ட பாலிசிகளுக்கு, நியாயமான காலத்துக்குள் பணம் தர வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் உள்ளார்ந்த நிபந்தனை. விசாரிக்கவும் மதிப்பிடவும் எடுக்கும் நேரம் அதில் அடக்கம். நியாயமான காரணத்தோடு கிளெய்மை மறுத்துக்கொண்டிருந்தால் அந்தக் காலத்துக்கு மட்டும் பொறுப்பில்லை.

அந்தக் கடைசி வாக்கியம் பெரிய ஓட்டை. 2022இல் வந்த குவாட்ரா வழக்கில் முதல்முறையாக இந்தப் பிரிவு நீதிமன்றத்தில் அலசப்பட்டது. உக்ரைனில் சேமிப்புக் கிடங்குகளில் இருந்த தானியம் பற்றிய கிளெய்ம். அறிவிப்பு வந்ததிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம் நியாயமான காலம் என்றார் நீதிபதி. கிளெய்மில் வாடிக்கையாளர் வென்றார். தாமத நஷ்டஈட்டில் தோற்றார். இன்சூரரின் மறுப்பு தவறாக இருந்தாலும் அதற்கு நியாயமான அடிப்படை இருந்தது என்பதே காரணம்.

இப்போது தேதி விஷயம்: இன்சூரர் கடைசியாகப் பணம் தந்ததிலிருந்து ஒரே வருடத்துக்குள் இந்த வழக்கைப் போட வேண்டும். வழக்கமான ஆறு வருடம் என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள், மழைக்காலம்.

மழைக்காலம்

பணம் வந்து எட்டு மாதம். நாளைக்கே பார்க்கிறேன்.

தேம்ஸ்கரை

நீதிமன்றத்துக்கு முன் நிதிக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. சின்ன வணிகங்களுக்கும் கதவு திறந்திருக்கும். 2019 ஏப்ரல் முதல் வரம்பைப் பெரிதாக்கினார்கள்: விற்றுமுதல் 65 லட்சம் பவுண்டுக்குக் கீழ், அதோடு ஐம்பது பேருக்குக் குறைவான ஊழியர்கள் அல்லது இருப்புநிலைக் குறிப்பு 50 லட்சத்துக்குக் கீழ் என்றால் போகலாம். டேக்அவே நிச்சயம் உள்ளே வரும். செலவில்லை. கம்பெனியின் இறுதிப் பதில் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அங்கே புகார் கொடுத்ததால் நீதிமன்றக் கெடு தானாக நின்றுவிடாது, அதையும் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழையபஞ்சாங்கம்

எல்லோரும் வாடிக்கையாளர் பாவம் என்றே பேசுகிறீர்கள். 1766இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு, இரு தரப்பும் முக்கியமானதை மறைக்கக் கூடாது என்ற இந்த "அதிகபட்ச நல்லெண்ணம்" விதியைச் சொன்னபோதே ஜெயித்தது வாடிக்கையாளர்தான் என்பது தெரியுமா? கார்ட்டர் எதிர் போம் வழக்கு. சுமத்ராவில் மால்பரோ கோட்டை, அதன் ஆளுநர் கார்ட்டர். எதிரி நாட்டார் கோட்டையைப் பிடித்தால் பணம் என்று லண்டனில் ஒரு பாலிசி. பிரெஞ்சுக்காரர்கள் 1760இல் பிடித்துவிட்டார்கள். கோட்டை பலவீனம் என்று எனக்குச் சொல்லவில்லை என்றார் இன்சூரர் போம். "அது உனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம், கேட்காமல் பிரீமியம் வாங்கிக்கொண்டு இப்போது பேசாதே" என்கிற தொனியில் மான்ஸ்ஃபீல்ட் கார்ட்டர் பக்கம் தீர்ப்பளித்தார்.

1906 சட்டம் வந்தபோது அந்தச் சமநிலை போய், வாடிக்கையாளர் மீது மட்டும் சுமை ஏறியது. 2015 சட்டம் ஓரளவு மான்ஸ்ஃபீல்டிடம் திரும்பிப் போயிருக்கிறது. சீர்திருத்தம் என்று புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை.

வழக்குமன்றவாசி

அருமையான குறுக்கீடு. ஒரே ஒரு திருத்தம்: வாரண்டி (இன்னதைக் கட்டாயம் கடைப்பிடிப்பேன் என்று வாடிக்கையாளர் பாலிசியில் தரும் வாக்கு) விஷயத்தில் மான்ஸ்ஃபீல்டே கறார் பேர்வழி. 1786 டி ஹான் வழக்கு. ஐம்பது பேருக்குக் குறையாமல் லிவர்பூலிலிருந்து கப்பல் கிளம்பும் என்று வாரண்டி. கிளம்பியது 46 பேரோடு. வேல்ஸ் கரையோரம் ஆங்கிள்சியில் இன்னும் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு 52 ஆக்கினார்கள். வெகு காலம் கழித்து வேறெங்கோ எதிரியிடம் சிக்கியது. ஆள் எண்ணிக்கைக்கும் நஷ்டத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் இன்சூரர் தப்பித்தார். வாரண்டி மீறினால் மீறியதுதான், பிறகு சரிசெய்தாலும் பிரயோஜனமில்லை என்ற விதி 2016 வரை உயிரோடு இருந்தது.

கிடங்குக்காரன் அண்ணாவுக்கு இது முக்கியம், ஏனென்றால் கிடங்குப் பாலிசிகளில் வாரண்டி கொட்டிக் கிடக்கும். அலாரம் இயங்க வேண்டும், ஸ்பிரிங்க்ளரைச் சோதிக்க வேண்டும், பேலட்டுகளைச் சுவரிலிருந்து இத்தனை தூரம் தள்ளி வைக்க வேண்டும். இப்போது 10ஆம் பிரிவின்படி மீறல் இருக்கும் காலத்துக்கு மட்டும் பாதுகாப்பு நின்றுபோகும், சரிசெய்ததும் திரும்ப வந்துவிடும். 11ஆம் பிரிவு இன்னொரு படி மேலே: நடந்த நஷ்டத்தின் வாய்ப்பை அந்த மீறல் கூட்டியிருக்கவே முடியாது என்று நீங்கள் காட்டினால், இன்சூரர் அதைப் பிடித்துக்கொண்டு மறுக்க முடியாது. திருட்டு அலாரம் கெட்டிருந்தபோது வெள்ளம் வந்தால் கிளெய்ம் நிற்கும்.

கிடங்குக்காரன்

எங்கள் அலாரம் போன குளிர்காலத்தில் சில நாள் பழுதாகிக் கிடந்தது. அப்போது ஒன்றும் நடக்கவில்லை. அப்படியென்றால் இப்போது பிரச்சினை இல்லையா?

வழக்குமன்றவாசி

சரிசெய்துவிட்டீர்கள் என்றால் அந்த மீறலால் இப்போது பிரச்சினை இல்லை. பழுதுபார்த்த ரசீது இருக்கட்டும்.

ஆனால் மற்றவர்கள் சரக்கு வைக்கிறீர்கள் என்றீர்களே, 2025 மார்ச்சில் வந்த ஸ்காட்பீஃப் தீர்ப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வைத்த இறைச்சி கெட்டுப்போனது. தொழில் அமைப்பின் வழக்கமான வியாபார நிபந்தனைகளை எல்லா ஒப்பந்தங்களிலும் சேர்க்க வேண்டும் என்று கிடங்கின் பாலிசியில் இருந்தது, அப்போதுதான் கிடங்கின் பொறுப்பு ஒரு வரம்புக்குள் இருக்கும். அந்த வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் அவை சேரவே இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது: "இதுவரை இப்படித்தான் வியாபாரம் செய்கிறேன்" என்ற அறிவிப்பு நியாயமான முன்வைப்பின் கீழ் வரும், "இனியும் செய்வேன்" என்ற நிபந்தனை வாரண்டி. வாரண்டி நிறைவேறவில்லை, இன்சூரர் தப்பினார். கிடங்கு நொடித்துப்போயிருந்ததால் இறைச்சிக்காரர் நேரடியாக இன்சூரரிடம் வந்தார். அவர் கைக்கும் ஒன்றும் வரவில்லை.

உங்கள் பாலிசியில் அப்படி ஒரு ஷரத்து இருக்கிறதா, அதை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கையெழுத்தாக வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மச்சான் விஷயத்தைவிட இதுதான் எனக்குக் கவலை.

கிடங்குக்காரன்

ஷரத்து இருக்கிறது. பாதிப் பேரிடம் கையெழுத்து இல்லை, வாய்வார்த்தைதான்.

தேம்ஸ்கரை

அப்படியென்றால் இந்த வாரம் உங்களுக்கு வேலை இருக்கிறது. பழைய வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, நிபந்தனைகளை இணைத்து, "ஏற்கிறோம்" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வாங்க முடியாதவர்கள் யார் என்று பட்டியல் போட்டு இன்சூரரிடம் சொல்லி, அவர்களுக்கு மட்டும் ஷரத்தைத் தளர்த்தித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

புரோக்கர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், என் இனத்தையே நான் குறை சொல்வதாக நினைத்தாலும் பரவாயில்லை. சட்டம் வந்ததும் எல்லோரும் "இன்சூரருக்கு அடி, வாடிக்கையாளருக்கு வரம்" என்று எழுதினார்கள். சத்தமில்லாமல் பாரம் கூடியது நடுவில் இருப்பவருக்கு. வாடிக்கையாளர் நியாயமான தேடல் செய்ய வேண்டும் என்கிறது சட்டம், அந்தத் தேடல் புரோக்கர் கையில் இருக்கும் தகவலையும் தொடும். புரோக்கருக்குத் தெரிந்தது வாடிக்கையாளருக்குத் தெரிந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும், வேறொரு வாடிக்கையாளர் ரகசியமாகச் சொன்னதைத் தவிர. கிடங்குக்காரர் மச்சான் விஷயத்தை புரோக்கரிடம் சொல்லிவிட்டார். புரோக்கர் அதை மேலே அனுப்பவில்லை. கிளெய்ம் விழுந்தால் அடுத்து வழக்கு யார் மேல்? புரோக்கர் மேல்தான். ஆனால் அதற்கு "நான் சொன்னேன்" என்பதற்கு ஆதாரம் வேண்டும். தொலைபேசியில் சொன்னீர்களா, எழுத்திலா?

கிடங்குக்காரன்

தொலைபேசியில்.

அண்டர்ரைட்டர்_அக்கா

இன்றைக்கே மின்னஞ்சல்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, இது பலருக்கும் குழம்பும். நான் மேலே சொன்ன 80 சதவீதக் குறைப்பு வேறு, குறைந்த தொகைக்கு இன்சூர் செய்ததற்கான குறைப்பு வேறு. சரக்கின் மதிப்பு 4 லட்சம், இன்சூர் செய்தது 3 லட்சம் என்றால், பாலிசியில் சராசரி ஷரத்து இருந்தால் எந்த நஷ்டத்திலும் முக்கால் பங்குதான் வரும். அது பாலிசியின் சொந்த விதி, 2015 சட்டம் அதைத் தொடவில்லை. இரண்டும் ஒரே கிளெய்மில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழலாம். விலைவாசி ஏறிய பிறகும் பழைய தொகையிலேயே ரென்யூவல் செய்கிறவர்கள் ஏராளம். மச்சானை மறைத்து மாட்டுகிறவர்களைவிட இதில் மாட்டுகிறவர்கள் அதிகம் என்பது என் அனுபவம்.

பழையபஞ்சாங்கம்

பொய்க் கிளெய்ம் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. சட்டம் இன்சூரருக்கும் ஏதோ கொடுத்திருக்கிறது அல்லவா?

வழக்குமன்றவாசி

கொடுத்திருக்கிறது. கிளெய்மில் மோசடி என்றால் பணம் தர வேண்டாம், கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம், மோசடி செய்த நாளிலிருந்து பாலிசியை முடித்துவிடலாம், பிரீமியமும் திரும்பத் தர வேண்டாம். அதற்கு முன் வந்த நேர்மையான கிளெய்ம்கள் மட்டும் நிற்கும். உண்மையான 50,000 நஷ்டத்தை 60,000 ஆக்கினால் பத்தாயிரம் மட்டும் போகாது, மொத்தமும் போகும்.

ஆனால் உண்மையான கிளெய்மை வேகப்படுத்துவதற்காகச் சொல்லும் வேண்டாத பொய் வேறு. 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வெர்ஸ்லூட் வழக்கில் அதைப் பிரித்தது. கப்பலின் இயந்திர அறையில் தண்ணீர் புகுந்தது; எச்சரிக்கை ஒலி கேட்டும் மாலுமிகள் பொருட்படுத்தவில்லை என்று உரிமையாளர் தரப்பு ஒரு கதை விட்டது. கதை பொய், கிளெய்ம் எப்படியும் செல்லுபடியாகும். பொய் எதையும் மாற்றவில்லை என்பதால் கிளெய்ம் நின்றது. இதை நம்பி யாரும் கதை விட வேண்டாம். எது "வேண்டாத பொய்" என்று தெரியவரும்போது வக்கீல் பில் ஏறியிருக்கும்.

புதியவள்

இதெல்லாம் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிச் சட்டத்தையே தாண்ட முடியாதா? நம்மைக் கேட்காமல் ஒரு மூலையில் போட்டுவிட்டால்?

வழக்குமன்றவாசி

உங்களைப் போன்ற தனிமனிதரிடம் முடியாது. வணிகத்திடம் பெரும்பாலானவற்றில் முடியும், ஆனால் கையெழுத்துக்கு முன் வாடிக்கையாளர் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும், தெளிவாகவும் எழுத வேண்டும். குறிப்பாக ஒன்றை யாரிடமும் முடியாது: "படிவத்தில் உள்ள எல்லாமே ஒப்பந்தத்தின் அடிப்படை" என்ற பழைய வரி. 1922இல் ஒரு லாரி எரிந்தது. அதை எந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்று படிவத்தில் தெரியாமல் தவறாக எழுதியிருந்தார்கள். ரிஸ்க்குக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த ஒரு வரியால் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையில் கிளெய்ம் தோற்றது. 2015 சட்டம் அந்த வரியைக் கொன்றுவிட்டது.

கிடங்குக்காரன்

அனுப்பிவிட்டேன். எழுதியது இது, தவறு இருந்தால் சொல்லுங்கள்:

"எங்கள் இயக்குநர்களில் ஒருவர் முன்பு வேறொரு கம்பெனியில் இயக்குநராக இருந்தார், அது லிக்விடேஷனுக்குப் போனது. கம்பெனிப் பெயர், பதிவு எண், தேதி கீழே. இதை உங்களிடம் தொலைபேசியிலும் சொல்லியிருக்கிறேன். இதை இன்சூரருக்கு அப்படியே அனுப்பி, அவர்களுடைய பதிலை எழுத்தில் எனக்குத் தரவும். மேலும், வியாபார நிபந்தனைகளில் கையெழுத்திடாத வாடிக்கையாளர்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன்."

புரோக்கர் அரை மணியில் கூப்பிட்டார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. அனுப்புகிறேன், பிரீமியம் ஏறலாம் என்றார். ஏறட்டும்.

கடைசியாக ஒன்று: பாலிசி ஓடிக்கொண்டிருக்கும்போது இடையில் ஏதாவது மாறினால், அதாவது புதிய இயக்குநர், புதிய வகைச் சரக்கு, அப்போதும் உடனே சொல்ல வேண்டுமா?

அண்டர்ரைட்டர்_அக்கா

கடிதம் நன்றாக இருக்கிறது. "அப்படியே" என்று போட்டது நல்ல வேலை.

நியாயமான முன்வைப்பு ஒப்பந்தத்துக்கு முந்தைய கடமை. நடுவில் பாலிசியை மாற்றச் சொன்னால் அந்த மாற்றத்துக்குத் தேவையானதை மட்டும் சொன்னால் சட்டத்துக்குப் போதும். ஆனால் உங்கள் பாலிசியிலேயே "ரிஸ்க் மாறினால் இத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும்" என்று ஒரு ஷரத்து இருக்கும், கிடங்குப் பாலிசிகளில் கிட்டத்தட்ட எப்போதும் உண்டு. "பொது நிபந்தனைகள்" என்ற தலைப்பின் கீழே தேடுங்கள். லித்தியம் பேட்டரி, ஏரோசோல் மாதிரி சரக்கு ஏதாவது வந்தால் லாரி வாசலுக்கு வருவதற்கு முன்பே கூப்பிடுங்கள்.